ஊருக்குள் ஆலையா, ஓ.எம்.ஆரில் அலுவலகமா, கான்ட்ராக்ட் வேலையா?

திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கத்தில் டிப்ளமோவோ பட்டமோ முடித்த பிள்ளைகளுக்கு வரும் பெரிய கம்பெனி வேலைகள் அநேகமாக மூன்று வகைதான். ஊருக்குள்ளேயே இருக்கும் தனியார் ஆலையில், கம்பெனியின் சொந்த ரோலில், அதாவது கம்பெனியே நேரடியாக எடுக்கும் பயிற்சியாளர் இடம். பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அல்லது பெரிய ஆலையின் வாசலுக்குள்தான், ஆனால் கான்ட்ராக்டரின் ஆளாக. இவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். பேச்சு சம்பளத்தில் தொடங்கி, பஸ் செலவு, கேண்டீன் சாப்பாடு, பி.எஃப். பிடித்தம் என்று சுற்றிவிட்டு மறுபடியும் சம்பளத்திலேயே வந்து நிற்கும். சம்பந்தம் பேசப் போனால் மூன்று தலைமுறையை விசாரிக்கிறவர்கள், பிள்ளை தினமும் ஒன்பது மணி நேரம் யார் கையில் இருக்கப்போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும், பிறகு ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றிலும் இருந்தவன். கான்ட்ராக்ட் வேலையை என் தம்பி பார்த்தான். மூன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். கீழே நடந்த தவறு, வரப்போகிற ஆபத்து, சொன்ன தேதிக்குள் முடியாத வேலை, இப்படிப்பட்ட கெட்ட செய்தி மேலே போய்ச் சேருகிறதா? அதைக் கொண்டுபோனவனுக்கு என்ன ஆகிறது? வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கொள்கைப் பலகையைப் படித்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கேள்விக்கு வட சென்னையில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும் வந்து கொட்டிய குறைகளில், சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் மேற்பார்வையாளர்கள் கை நீட்டுகிறார்கள் என்பதும் கூலிக்கு இணையாக இருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று, அன்னி பெசன்ட்டோடு இயங்கிய பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, திரு.வி.க.வும் முன்னணியில் நின்றார். நிர்வாகம் வாடியாவின் மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆலைகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஃபோர்மேன் காது கொடுக்காவிட்டால் அவரைத் தாண்டிப் பேச ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பக்கத்து ஆலைகளில் இன்னும் இருக்கிறது.

ஆலையிலிருந்தே தொடங்குகிறேன். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியும், அதே 1955இல் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு ஆலையும் இந்தப் பகுதியின் முகத்தையே மாற்றின. அவற்றைச் சுற்றி வளர்ந்த தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்த தலைமுறைக்கு ஆலை என்பது ஏறக்குறைய சொந்த ஊர். ஆயுத பூஜை அன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவந்து ‘இதுதான் என் மிஷின்’ என்று காட்டுவார்கள். மற்ற நாட்களில் அதே ஆள் அதே இயந்திரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

ஆலையில் பேச்சு கரடுமுரடாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவனை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை சம்பாதிக்க வேண்டிய ஒன்று, அதற்குச் சில வருடங்கள் ஆகும். கெட்ட செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் ஓர் இரவு ஷிஃப்டில் ஒரு பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சார் வேலை செய்யவில்லை. உற்பத்தி நிற்கக் கூடாது என்று யாரோ ஒரு துண்டு வயரைப் போட்டு அதைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். அதாவது, கை உள்ளே இருந்தாலும் பிரஸ் இறங்கும். ஆபரேட்டர் அதை ஷிஃப்ட் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போனார். காலையில் வந்த ஃபோர்மேன் படித்தார். ‘யாரைக் கேட்டு இதை எழுதினான்? நாளைக்கு ஆடிட்டில் யார் பதில் சொல்வது?’ என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு பிரஸ்ஸில் அதே கோளாறு, அதே போல ஒரு வரி. அன்று காலை ஷிஃப்ட் இன்னொரு ஃபோர்மேனுடையது. அவர் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. மெயின் சுவிட்சை இறக்கினார், சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார், ஃபிட்டர் வந்து சென்சாரை மாற்றும் வரைக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்ததற்கு மேனேஜர் அறைக்குத் தானே போய்ப் பதில் சொன்னார். ஒரே கம்பெனி, ஒரே ஷெட், ஒரே நிறச் சட்டை. அதனால்தான் ‘அந்தக் கம்பெனி எப்படி?’ என்று யாராவது கேட்டால் ‘எந்த ஷாப், எந்த ஷிஃப்ட்?’ என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

வரி அடிக்கப்பட்ட அந்த ஆபரேட்டர் அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அவர் பெரிய வீரர் ஒன்றும் இல்லை. அவருடைய சம்பள உயர்வு ஃபோர்மேனின் பேனாவில் இல்லை, அவ்வளவுதான். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை கையெழுத்தாகும் ஊதிய ஒப்பந்தத்தில் இருந்தது. பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘12(3)’ என்று ஆலையில் சொல்வார்களே, அதுதான். ஃபோர்மேனுக்கு ஆளைப் பிடிக்காமல் போனாலும் ஒப்பந்தத் தொகை வந்துவிடும். வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், சஸ்பெண்ட் செய்த காலத்துக்குப் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். இந்தச் சுற்றுவழியால் சோம்பேறிகளும் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று மேனேஜர்கள் அலுத்துக்கொள்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுவழிதான் வயர் போட்ட சென்சாரைப் பற்றி எழுதுகிறவனையும் காப்பாற்றுகிறது.

வட சென்னையில் இது ஆலையின் உள்விவகாரமாக நிற்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில், ஆலைக்குள் ஓர் ஆள் பயமில்லாமல் ‘இங்கே ஒரு கோளாறு’ என்று எழுத முடிகிறதா என்பது வேலி தாண்டி இருப்பவர்களின் கவலையும்தான்.

ஆலை வேலையின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன பாதுகாப்பு அத்தனையும் நிரந்தரமானவனுக்கு. பயிற்சியாளருக்குச் சங்கத்தில் இடம் இல்லை, ஒப்பந்தத்திலும் இடம் இல்லை. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று எழுதப்போவது அதே ஃபோர்மேன்தான். ஆகவே அந்தக் காலம் முழுவதும் வாயைத் திறக்க மாட்டான். ‘பயிற்சி’ என்ற பெயரில் இதைச் சில இடங்களில் மூன்று வருடம், நான்கு வருடம் என்று இழுப்பார்கள். வாயை மூடிப் பழகியவன் நிரந்தரமான பிறகு திறப்பான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எனவே ஆலையில் சேருகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன பேட்ச் பயிற்சியாளர்களில் எத்தனை பேர் உள்ளே எடுக்கப்பட்டார்கள் என்பது. எச்.ஆர். சொல்கிற பதிலை விட, ஆலை வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் சொல்கிற பதில் நம்பகமானது.

ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் சேர்ந்த முதல் மாதம் எனக்குப் பேச்சின் மென்மை ஆச்சரியமாக இருந்தது. மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். யாரும் குரல் உயர்த்துவதில்லை. தலைமைச் செயல் அதிகாரி மாதம் ஒருமுறை பெரிய திரையில் தோன்றி, ‘எந்தக் கேள்வியானாலும் கேளுங்கள்’ என்பார். கேள்விகள் இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் வாங்கப்பட்டு, வடிகட்டப்பட்டிருக்கும் என்பது பிறகு தெரிந்தது.

அங்கே கெட்ட செய்தி எப்படி மேலே போகிறது என்பதை வெள்ளிக்கிழமை சாயங்கால ஸ்டேட்டஸ் கூட்டத்தில் பார்க்கலாம். எங்கள் குழுவில் தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள், கணக்கில் புலி. வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய தரவு வரவில்லை, வேலை தேதிக்குள் முடியாது என்று அட்டவணையில் தன் வரிக்குச் சிவப்பு நிறம் போட்டாள். டீம் லீட் அதை மஞ்சளாக்கினார். ‘சிவப்பு போட்டால் மேலே பதறிவிடுவார்கள், திங்கட்கிழமைக்குள் பார்த்துக்கொள்ளலாம்மா’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேலாளரின் அட்டவணையில் அது வெளிர்ப் பச்சையாக இருந்தது. அவருக்கும் மேலே போனபோது முழுப் பச்சை. யாரும் யாரையும் திட்டவில்லை, எந்த வரியும் அடிக்கப்படவில்லை. தேதி தவறியதும் ‘முன்கூட்டியே ஏன் எச்சரிக்கவில்லை?’ என்று அவளைத்தான் கேட்டார்கள், அதுவும் மிகவும் மென்மையாக.

வாயைத் திறந்து மறுக்க அவளால் முடியவில்லை. அங்கே ஆண்டு இறுதி ரேட்டிங், சம்பள உயர்வு, அடுத்த புராஜெக்ட், எல்லாமே அந்த மேலாளர் எழுதும் வரிகளில் தொங்குகின்றன. புராஜெக்ட் எதுவும் கொடுக்காமல் ‘பெஞ்சில்’ உட்காரவைத்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. 2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு, ‘டி.சி.எஸ். வேலை அரசாங்க வேலை மாதிரி’ என்று பேசிக்கொண்டிருந்த வீடுகளிலும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

இருந்தாலும் அலுவலகத்துக்கென்று ஒரு வலு உண்டு, அதை ஆலைக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மோசமான மேலாளரிடமிருந்து அங்கே தப்பிக்க முடியும். அதே கம்பெனிக்குள் வேறு புராஜெக்ட் கேட்கலாம், இல்லையென்றால் கற்ற வேலையை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று போட்டுக் கழுத்தைப் பிடிப்பார்கள், அதையும் தாண்டிப் போகிறார்கள். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்திலேயே பதினைந்து வருடம் நின்ற ஆலைத் தொழிலாளிக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்குப் பேசும் உரிமை அதிகம், வெளியேறும் வழி குறைவு. அலுவலகத்தில் இருப்பவருக்கு இது தலைகீழ். மூன்றாவது வகைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டில் எது உங்கள் சுபாவத்துக்குத் தேவை என்று யோசித்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இந்தத் தராசு வேறு மாதிரி சாய்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய ஆலைகளின் ஷாப்களில் பெண்கள் குறைவு. சில ஷெட்களில் பெண்களுக்கான கழிப்பறைக்கே அரை பர்லாங் நடக்க வேண்டும். அந்தத் தூரத்தை வைத்தே நிர்வாகம் பெண் தொழிலாளியைப் பற்றி எப்போதாவது யோசித்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அலுவலகங்களில் பெண் மேலாளர்கள் இருக்கிறார்கள், இரவு வண்டி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்தப் பணியிடத்திலும் மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டில் வேலை செய்கிற பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். நேர்காணலில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சட்டென்று வருகிற இடமும், ‘அதெல்லாம் இருக்கிறதம்மா’ என்று பேச்சை மாற்றுகிற இடமும் ஒன்றல்ல.

அலுவலகத்துக்கு எதிராக நிற்பது தூரம்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய உதவி. ஆனால் அது விமான நிலையத்துக்குப் போகும் தடம். கிண்டியிலோ ஆலந்தூரிலோ இறங்கி மறுபடி பஸ் பிடித்துத்தான் ஓ.எம்.ஆருக்குள் நுழைய வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போடும் தடம் முழுவதும் திறந்தால் பெரம்பூர்க்காரர்களுக்கு விடிவு காலம். அதுவரை இந்தப் பக்கத்து டோல்கேட் நிறுத்தத்தில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்புவதற்குள் அம்மா தூங்கியிருப்பார். தினமும் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போகிறவரால் மாலை நேர வகுப்பில் சேர முடியாது, சங்கத்துக்கோ நண்பர்களுக்கோ போக முடியாது. இதைச் சம்பளக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

கான்ட்ராக்ட் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாசலில் ஆலையின் பெயர் இருக்கும், கேட் பாஸில் கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். என் தம்பி வேலை பார்த்த இடத்தில் கேண்டீன் டோக்கனே வேறு நிறம். நிரந்தரத் தொழிலாளர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு இவர்களுக்குப் பந்தி. ஒருநாள் அவனோடு வேலை செய்த பையனுக்கு விரலில் அடி. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் விபத்து பதிவாகும், பதிவானால் ஆலையின் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகை பூஜ்யத்துக்கு வரும், பலகை பூஜ்யமானால் கான்ட்ராக்டருக்கு அடுத்த டெண்டர் சிக்கல். அதனால் மேஸ்திரி அவனை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் கிளினிக்கில் தையல் போட வைத்து, கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, நான்கு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். பலகையில் எண் மறுநாளும் ஏறியது. ஆலையின் மேலதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். செய்தி அவர்களிடம் வரவே வராதபடி, நடுவில் கான்ட்ராக்டர் என்ற சுவரை அவர்களே எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலையில் சேருகிறவர் அதை முடிவான இடமாக நினைக்காமல், வெல்டிங், கிரேன், ஸ்கஃபோல்டிங் என்று ஏதாவது ஒன்றில் சான்றிதழ் வாங்கும் காலமாக நினைத்தால் சரி. ‘நாளைக்கு நிரந்தரமாக்கிவிடுவார்கள்’ என்ற வாக்குறுதியை நம்பிப் பத்து வருடம் நின்றவர்கள் மணலியில் எத்தனையோ பேர்.

இப்போது இன்னொரு வகையும் வர ஆரம்பித்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், கம்பெனியே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் எடுக்கலாம். அப்படி எடுக்கப்பட்டவருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை வரும். எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டு நின்றால் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். காகிதத்தில் இது கான்ட்ராக்டை விட மேல். ஆனால் என் அளவுகோலில் இது பயிற்சியாளரின் நிலைதான். காலம் முடியும்போது புதுப்பிக்கிறவர் மேலே இருக்கும் வரை, கோளாறைப் பற்றி யார் எழுதுவார்கள்?

ஆக என் தேர்வு இதுதான். டிப்ளமோ முடித்த பையனுக்குத் திருவொற்றியூரிலேயே ஆலையின் சொந்த ரோலில் இடம் வந்து, போன பேட்சில் பாதிப் பேருக்கு மேல் நிரந்தரமாகியிருந்தால், மாதம் சில ஆயிரம் குறைந்தாலும் அதையே எடுக்கச் சொல்வேன். பாதிக்குக் குறைவென்றால் வேண்டாம், அது பெயரில் மட்டும்தான் சொந்த ரோல். பட்டம் முடித்த பெண்ணுக்கு அலுவலகத்தைத்தான் சொல்வேன், ஆனால் முதல் ஆண்டிலேயே வீட்டுக்குப் பக்கமாக, அம்பத்தூரிலோ அண்ணா நகரிலோ உள்ள கிளைக்கு மாற்றல் கேட்கிற எண்ணத்தோடு. இரண்டில் ஒன்றும் வராதவர்கள் மட்டும், அதுவும் கையில் ஒரு தொழில் சேருகிற இடமாக இருந்தால் மட்டும், கான்ட்ராக்டைப் பார்க்கலாம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். நேர்காணலின் கடைசியில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ‘இல்லை சார்’ என்று எழுந்துவிடாமல், ‘இங்கே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு?’ என்று ஆலையில் கேளுங்கள். அலுவலகத்தில் ‘என் மேலாளராக வரப்போகிறவரின் குழுவில் ஆட்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பதிலை விட, கேள்வி விழுந்ததும் எதிரே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு நியமனக் கடிதம் வந்ததும் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் தலைப்பில் யார் பெயர், கீழே கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். பெரிய கம்பெனியின் பெயர் நடுவில் ‘பணியிடம்’ என்ற வரியில் மட்டும் வந்திருந்தால், நேர்காணலில் என்ன சொல்லியிருந்தாலும் அது மூன்றாவது வகை வேலை.